விற்பனை அலைவரிசைத் தொகுப்பாளர்களுக்கு இலவசப் பொருள் தரலாமா?

பொருள் விற்பதற்கென்றே நாள் முழுதும் ஓடும் தொலைக்காட்சி அலைவரிசைகளைப் பார்ப்பவர்களிடையே அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. தொகுப்பாளர் ஒரு முகக் கிரீமைக் கையில் எடுத்து, "மூன்று வாரமாக இதைத்தான் நான் பூசி வருகிறேன்" என்று சொன்ன மாத்திரத்தில், "ஓசியில் கிடைத்திருக்கும், புகழாமல் என்ன செய்வார்?" என்று ஒருவர் கேட்பார். "பூசிப் பார்க்காமலே புகழ்ந்தால் அது இன்னும் மோசமில்லையா?" என்று மற்றவர் திருப்பிக் கேட்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் வாக்குவாதம் முடிவதில்லை. ஏனெனில் 'இலவசப் பொருள்' என்ற ஒரே பெயரால் இருவரும் வெவ்வேறு காரியங்களைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தக் காரியங்களைப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொகுப்பாளரிடம் பொருளைக் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதை யார் கொடுக்கிறார், எவ்வளவு காலம் முன்னதாகக் கொடுக்கிறார், கடைசியில் அது யாரிடம் தங்குகிறது, இவையெல்லாம் பார்ப்பவருக்குத் தெரிகின்றனவா என்பவற்றைக் கவனிக்காமல் கொடுத்தால், அந்தக் கொடையால் விற்பவருக்கு மட்டுமே பயன். வாங்குபவருக்கு எந்தப் பயனும் இராது.

உப்புப் பார்ப்பவரும் புடவை வாங்கிக்கொள்பவரும்

கல்யாண வீட்டுச் சமையல்காரர் சாம்பாரை இறக்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்கிறார். அதை ஓசிச் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை. அது அவருடைய வேலையின் ஒரு பகுதி. உப்புப் பார்க்காமல் பந்திக்கு அனுப்பினால்தான் குற்றம். ஜவுளிக்கடையில் புடவையை விரித்துக் காட்டும் பணியாளர் துணியைத் தொட்டும் கசக்கியும், சாயம் போகுமா போகாதா என்பதை அறிந்து வைத்திருப்பதும் அத்தகையதே.

அதே பணியாளருக்கு மொத்த வியாபாரி ஒருவர், கடை முதலாளிக்குத் தெரியாமல், தீபாவளிக்கு ஒரு பட்டுப் புடவையை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார் என்று கொள்வோம். மறுநாள் கடைக்கு வரும் வாடிக்கையாளர் முன் எந்த வியாபாரியின் சரக்கு முதலில் விரிக்கப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இன்னும் ஒரு படி மேலே போய், "என் சரக்கில் பத்துப் புடவை விற்றுக் கொடுத்தால் பதினோராவது உனக்கு" என்று அந்த வியாபாரி சொன்னால், அந்தப் புடவை கூலியாகவே ஆகிவிடுகிறது.

இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்வோம். வேலையைச் சரியாகச் செய்வதற்காகத் தரப்பட்டு, அந்த வேலையோடு தீர்ந்துபோகிற அல்லது திரும்பி வருகிற பொருள் மாதிரிப் பொருள். பேச்சு வழக்கில் சாம்பிள். பெறுபவரிடமே நிலையாகத் தங்கி அவருக்கு ஆதாயமாகிற பொருள் அன்பளிப்பு. ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் செய்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனையோடு வருவது பொருட்கூலி. மூன்றுமே பெறுபவருக்கு இலவசமாகத்தான் வந்து சேர்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவற்றிடையே வேறுபாடு தெரிவதில்லை என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

பொருளையே கூலியாகக் கொடுப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதன்று. 1977இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் என்ற ஊரின் வானொலி நிலையத்துக்கு விளம்பரக் கட்டணத்தைப் பணமாகக் கொடுக்க முடியாத வணிகர் ஒருவர், தகர டப்பாக்களைத் திறக்கும் 112 கருவிகளைக் கொடுத்தார். அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டா அவற்றை வானொலியிலேயே ஒவ்வொன்றும் 9.95 டாலருக்கு விற்றுத் தீர்த்தார். 1982இல் அதே வட்டாரத்தில் உருவாகிப் பின்னர் நாடு முழுவதும் பரவிய ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற விற்பனை அலைவரிசையின் விதை அந்த விற்பனைதான்.

திரையில் நிற்பவர் யாருடைய ஆள்?

1986இல் ஜோசப் சீகல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கியூவிசி இந்தத் துறையின் பெரும்பெயர். 1993இல் அது பிரிட்டனுக்கும் சென்றது. அதைப் போன்ற ஓர் அலைவரிசையின் நிகழ்ச்சியில் பெரும்பாலும் இருவர் நிற்பார்கள். ஒருவர் அலைவரிசையிடம் ஊதியம் பெறும் தொகுப்பாளர். மற்றவர் பொருளைத் தயாரித்த நிறுவனம் அனுப்பிய பிரதிநிதி. இவரை விருந்தினர் என்பார்கள். பிரதிநிதி தன் நிறுவனத்தின் ஒரு பொருள் வரிசையை மட்டுமே அறிந்தவர். தொகுப்பாளரோ காலையில் வாணலியையும் மாலையில் காலணியையும் மறுநாள் மெத்தையையும் விற்க வேண்டியவர். அவருடைய காதில் ஒரு சிறு கேட்புக் கருவி இருக்கும். நிமிடத்துக்கு எவ்வளவு விற்பனை ஆகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர், "இதை இன்னும் சொல்லுங்கள், அதை விடுங்கள்" என்று அதன் வழியே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே தொகுப்பாளர் நடுநிலையான விமர்சகர் அல்லர். அவர் விற்பனையாளர், பார்ப்பவர்களுக்கும் அது தெரியும். இதனால் சிலர், "விற்பனையாளர் என்று தெரிந்த பிறகு அவருக்கு ஒரு கிரீம் டப்பா இலவசமாகக் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரியான கேள்விதான். அதற்கான விடை அவர் பேசும் பேச்சில் இருக்கிறது.

விற்பனைப் பேச்சும் அனுபவப் பேச்சும்

"இந்த வாணலி மூன்று அளவுகளில் கிடைக்கிறது, கைப்பிடி சூடேறாது" என்பது விற்பனைப் பேச்சு. நிறுவனம் சொல்வதைத் தொகுப்பாளர் எடுத்துச் சொல்கிறார். கேட்பவரும் அந்த அளவில்தான் அதை எடுத்துக்கொள்கிறார். "எங்கள் வீட்டில் இப்போது வேறு வாணலியையே எடுப்பதில்லை" என்பது அனுபவப் பேச்சு. அந்த நொடியில் தொகுப்பாளர் கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்து, நம்மைப் போன்ற ஒரு வாடிக்கையாளராக நின்று பேசுகிறார். தினமும் பார்த்துப் பழகிய முகம், பக்கத்து வீட்டு அக்காவின் குரல். ஆகவே நிறுவனத்தின் சொல்லைவிட இது ஆழமாகப் பதிகிறது.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1980 முதல் வைத்திருக்கும் வழிகாட்டு நெறிகள் இந்த வேறுபாட்டை அடித்தளமாகக் கொண்டவை. விளம்பரதாரரின் குரலாக இல்லாமல், பேசுபவரின் சொந்தக் கருத்தாகவோ அனுபவமாகவோ நுகர்வோர் எடுத்துக்கொள்ளக்கூடிய கூற்றைப் பரிந்துரை என்று அவை வரையறுக்கின்றன. நிறுவனத்தின் ஆள் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் நிறுவனத்துக்காகப் பேசினால் அது பரிந்துரையாகாது. ஆனால் தாமே பயன்படுத்துவதாக ஒருவர் பரிந்துரைத்தால், அவர் உண்மையிலேயே அதைப் பயன்படுத்துபவராக இருந்தாக வேண்டும். பிரிட்டனின் ஒளிபரப்பு விளம்பர விதிகளும் நற்சான்றுரைகள் உண்மையானவையாக இருக்க வேண்டும் என்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: இலவசமாக வரும் பொருள் மாதிரியாகவோ அன்பளிப்பாகவோ கூலியாகவோ இருக்கலாம். தொகுப்பாளர் விற்பனைப் பேச்சோடு நின்றுகொண்டால் அவருக்கு அந்தப் பொருள் தேவைப்படுவது கையாளத் தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. அனுபவப் பேச்சு பேச வேண்டுமானால் அவர் அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். ஆகவே யாரோ அதை அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

உப்பிட்டவரை நினைக்கும் மனம்

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கொடுத்ததற்குப் பின் மனத்தில் நடப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். பெற்ற நன்மைக்கு ஏதேனும் திருப்பிச் செய்துவிட வேண்டும் என்று மனம் தானாகவே உந்துவதைக் கைம்மாறு உணர்வு என்று சொல்லலாம். மதுரைப் பக்கத்து விசேஷ வீடுகளில் மொய் நோட்டு இந்த உணர்வை வெளிப்படையான கணக்காகவே வைத்திருக்கிறது: யார் எவ்வளவு செய்தார், எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும்.

1971இல் டெனிஸ் ரீகன் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதன் வலிமையைக் காட்டியது. ஆய்வில் பங்குகொண்டவருடன் இருந்த மற்றொருவர், உண்மையில் ஆய்வாளரின் ஆள், இடைவேளையில் வெளியே போய் வரும்போது கேட்காமலே ஒரு கோகோ கோலா வாங்கி வந்து கொடுத்தார். பிறகு, தம்மிடமுள்ள குலுக்கல் சீட்டுகளை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பானம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு சீட்டுகள் வாங்கினார்கள். கொடுத்தவரைப் பிடிக்காதவர்களும் கூடுதலாக வாங்கினார்கள் என்பது இந்த ஆய்வில் நம் கவனத்துக்கு உரியது. பானமோ சில காசு மதிப்புள்ளது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். கைம்மாறு உணர்வு வேலை செய்வதற்குத் தொகுப்பாளர் பொய்யராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலானோர் நேர்மையானவர்களே என்று நான் நம்புகிறேன். நல்ல பொருளைத் தந்தவரின் குறையைச் சொல்ல வரும்போது நாக்கு சற்றே தயங்கும்; 'பிசுபிசுப்பாக இருக்கிறது' என்று நினைத்தது 'நல்ல ஈரப்பதம் தருகிறது' என்று வெளிவரும். சொன்னவருக்கே தாம் மாற்றிச் சொன்னது தெரியாது. அதனால் "அவர் நல்லவர், இலவசத்துக்கு விலைபோக மாட்டார்" என்ற உறுதிமொழி போதுமானதன்று. இந்தச் சாய்வைக் குறைக்க ஏற்பாடுகள் வேண்டும்.

மாதிரி காட்டாமல் மறைப்பவை

இலவசப் பொருளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நன்றியுணர்வோடு முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அதைவிடப் பெரிய சிக்கல், அனுபவமே முழுமையற்றதாகிவிடுவது.

முதலாவது, எந்தப் பொருள் கைக்கு வருகிறது என்பது. தள்ளுவண்டியில் மாம்பழம் விற்பவர் சுவைக்கத் தரும் துண்டு, கூடையிலேயே நல்ல பழத்திலிருந்து நறுக்கப்பட்டது. பையில் விழும் பழம் வேறு. தயாரிப்பு நிறுவனமே தன் கையால் தொகுப்பாளருக்கு அனுப்பும் பொருளும் அவ்வாறு பார்த்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம். தையல் பிரியாத பை, சரியாக ஒட்டிய காலணி, கசியாத மூடி ஆகியவையே அவரிடம் போய்ச் சேரும். அவர் உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த உண்மை அவருக்கு வந்த ஒரு பொருளைப் பற்றியது, வாடிக்கையாளருக்குப் போகும் பெட்டியைப் பற்றியதன்று.

இரண்டாவது, காலம். ஒட்டாத வாணலி எதுவானாலும் புதிதாக இருக்கும்போது முட்டை அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். பல மாதம் தேய்த்துக் கழுவிய பிறகும் ஓடுகிறதா என்பதுதான் வாங்குபவரின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியைப் பார்த்து ஒரு காய்கறி நறுக்கும் கருவி வாங்கினோம். திரையில் அது வெங்காயத்தை ஒரே அழுத்தில் துண்டாக்கியது. எங்கள் சமையலறையிலும் முதல் நாள் அப்படியே செய்தது. மூன்றாவது வாரம் கேரட் நறுக்கும்போது பிளேடு வளைந்துவிட்டது. தொகுப்பாளர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. மூன்றாவது வாரம் என்ற ஒன்றை அவர் கண்டிருக்கவே மாட்டார்.

முகக் கிரீம் விஷயத்தில் காலம் இன்னும் முக்கியமானது. மேல்தோல் செல்கள் உருவாகி மேலெழுந்து உதிர்வதற்கே இளம் வயதினருக்கு ஏறத்தாழ நான்கு வாரம் பிடிக்கும். வயது கூடக்கூட இன்னும் அதிகமாகும். இரண்டு நாள் பூசிவிட்டு முகம் மாறியது என்று சொல்பவர், உண்மையில் கிரீமின் ஈரத்தைத்தான் காண்கிறார். அதோடு, ஒரே மாதத்தில் ஐந்து நிறுவனங்களின் கிரீம்களை அடுத்தடுத்து விற்கும் தொகுப்பாளர் ஐந்தையும் பூசிப் பார்த்திருந்தால், எது எந்த விளைவைத் தந்தது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. "இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது" என்று அவர் ஐந்து முறை சொல்வதைக் கேட்கும் நேயர்கள் எரிச்சலடைவது நியாயமே. அவருக்கு இலவசமாகக் கிடைப்பதைக் குறைத்தால் இது தீராது. பூசிப் பார்க்கப் போதிய காலமும், ஒரு நேரத்தில் ஒரே கிரீம் என்ற ஒழுங்கும் தேவை.

மூன்றாவது, விலை. எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கியவர் டப்பாவின் அடியில் மீந்ததையும் வழித்தெடுப்பார்; ஒரு மாதம் வருமா, அனுப்பும் கட்டணம் எவ்வளவு ஆயிற்று, இந்தக் காசுக்கு வேறு என்ன வாங்கியிருக்கலாம் என்றெல்லாம் கணக்குப் பார்ப்பார். இலவசமாகப் பெற்றவருக்குப் பொருள் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி மட்டுமே எழும்; கொடுத்த காசுக்குத் தகுமா என்ற கேள்வி எழாது. வாங்குபவருக்கு வேண்டியதோ இரண்டாவது கேள்விக்கான விடை.

இந்தக் காரணங்களால்தான், அமெரிக்காவில் 1936இல் தொடங்கி இன்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று அறியப்படும் நுகர்வோர் அமைப்பு, தான் சோதிக்கும் பொருள்களை நிறுவனங்களிடமிருந்து இலவசமாகப் பெறாமல், சாதாரண வாடிக்கையாளரைப் போல விலை கொடுத்தே வாங்குகிறது. தொகுப்பாளர்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த அமைப்புக்கு மதிப்பிடுவதே தொழில். தொகுப்பாளருக்கு விற்பது தொழில். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பொருள்களைத் தம் ஊதியத்திலிருந்து வாங்கித்தான் தம் வேலையைச் செய்ய வேண்டும் என்று எந்தத் தொழிலாளியிடமும் நாம் கேட்பதில்லை. கேட்டால் அவர் வாங்கமாட்டார்; பயன்படுத்திப் பார்க்காமல் பேசுவார். நாம் தவிர்க்க நினைத்ததே நடக்கும்.

சுருங்கச் சொன்னால், நன்றியுணர்வு தொகுப்பாளரின் சொல்லைச் சாய்க்கிறது. பொறுக்கி எடுத்த மாதிரியும் போதாத காலமும் தெரியாத விலையும் அவருடைய அனுபவத்தையே குறைக்கின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டிலும் 2008 முதல் ஹோம்ஷாப் 18, நாப்தோல் என்ற விற்பனை நிறுவனங்களின் பெயர்கள் அறிமுகமாயின. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூன் மாதத்தில் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பரிந்துரை என்பது பேசுபவரின் உண்மையான, அண்மைக்காலக் கருத்தாக இருக்க வேண்டும். பொருளைப் பற்றிய போதிய தகவலையோ அனுபவத்தையோ அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. பரிந்துரையின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடியதும், பார்ப்பவர் இயல்பாக எதிர்பார்க்காததுமான உறவு ஒன்று பேசுபவருக்கும் விற்பவருக்கும் இடையே இருந்தால் அதை முழுமையாக வெளியிட வேண்டும். இந்த உறவைப் பொருள்சார் தொடர்பு என்பார்கள். 2023 ஜனவரியில் பிரபலங்களுக்கும் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கும் தரப்பட்ட விளக்கம், நிபந்தனையோடு வந்தாலும் நிபந்தனையின்றி வந்தாலும், கேட்காமலே வந்தாலும், இலவசப் பொருளை இந்தத் தொடர்பில் சேர்த்துவிட்டது.

தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டத் தொகை விதிக்கலாம். பரிந்துரைத்தவரை முதல் முறை ஓராண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையும் பரிந்துரைக்கவிடாமல் தடை செய்யலாம். கூற்று உண்மைதானா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்தவருக்கு விலக்கு உண்டு. பயன்படுத்திப் பார்ப்பது அந்தக் கவனத்தின் ஒரு கூறு என்று நான் கருதுகிறேன். 2022இல் நாப்தோல் மீது இந்த ஆணையம் பிறப்பித்த உத்தரவு 10 லட்சம் ரூபாய் தண்டத் தொகை விதித்ததோடு, முன்பே பதிவு செய்த நிகழ்ச்சியை அவ்வாறே அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் விவாதத்துக்கும் இது தொடர்புடையது. "இப்போது பயன்படுத்தி வருகிறேன்" என்ற சொல் எப்போதோ பதிவானது என்றால், 'இப்போது' என்பதற்கு மதிப்பில்லை.

எப்படிக் கொடுத்தால் சரியாகும்?

தொகுப்பாளருக்குப் போகும் மாதிரி தயாரிப்பு நிறுவனத்தின் கையிலிருந்து நேராகப் போகக்கூடாது. அலைவரிசை தன் கிடங்கில் வாடிக்கையாளருக்காக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும் அனுபவமும், குறையிருந்தால் அந்தக் குறையும் அவருக்கும் கிடைக்கட்டும். நன்றிக்கடன் ஏற்பட்டாலும் அது ஏற்கெனவே ஊதியம் தரும் அலைவரிசையின்பால் ஏற்படும். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பக்கம் அவரைச் சாய்க்காது. எவ்வளவு விற்றது, எவ்வளவு புகழ்ந்தார் என்பதற்கும் அடுத்த மாதிரி வருவதற்கும் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. நகை, கைப்பேசி, மெத்தை போன்ற விலையுயர்ந்தவை திரும்பிச் செல்ல வேண்டும். பாதி தீர்ந்த கிரீம் டப்பாவைத் திருப்பிக் கேட்பதில் பொருளில்லை. அதை மாதிரி என்று பதிவேட்டில் எழுதிவிட்டு விட்டுவிடலாம்.

அறிவிப்பும் வேண்டும், திரையின் மூலையில் ஓடும் சிறு எழுத்தை அறிவிப்பாக நான் ஏற்கமாட்டேன். "இது அலைவரிசை எனக்குத் தந்தது, ஆறு வாரமாகப் பயன்படுத்துகிறேன்" என்று அனுபவப் பேச்சின் வாக்கியத்திலேயே அது கலந்து வரட்டும். பயன்படுத்தாத பொருளைப் பற்றி "நான் இன்னும் பயன்படுத்தவில்லை, நிறுவனம் இப்படிச் சொல்கிறது" என்று சொல்லும் உரிமை தொகுப்பாளருக்கு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். காதில் தயாரிப்பாளரின் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது தனிமனித நேர்மையை மட்டும் நம்பி அதைச் சொல்ல வைப்பது நியாயமன்று.

இவற்றோடு இன்னொன்றையும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தொலைவிலிருந்து வாங்கும் பொருளைக் கண்ணால் காணாமலே வாங்குகிறோம் என்பதால் பிரிட்டனில் பெரும்பாலான பொருள்களுக்கு 14 நாள் ரத்து உரிமையைச் சட்டமே தருகிறது. பல அலைவரிசைகள் அதைவிட அதிக நாள் தருகின்றன. அப்படித் திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு காரணமும் வருகிறது: அளவு சிறியது, நிறம் திரையில் கண்டதுபோல் இல்லை, இரண்டாம் முறை துவைத்ததும் சுருங்கிவிட்டது. ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு ஒருவர் அறிய முடியாததை, ஆயிரம் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து அறிந்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு காலணி மறு ஒளிபரப்புக்கு வரும்போது, புதிய மாதிரியோடு அந்தக் காரணப் பட்டியலும் தொகுப்பாளரின் மேசைக்கு வந்துவிட்டால், "இது சற்று இறுக்கமாக இருக்கிறது என்று வாங்கியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள், என் காலுக்கும் அப்படியே இருந்தது, ஓர் அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரால் சொல்ல முடியும். அடுத்த மாதம் கிடங்குக்குத் திரும்பும் பெட்டிகளும் குறையும்.